செவ்வாயில் பயறளவு இடம்

இடுக்கியின் நுனியில் ஒரு மனிதன் தொங்குகிறான். ஒன்பது மில்லிமீட்டர் உயரம். இடது கை பலகையின் விளிம்பை அழுத்திக்கொண்டிருக்க, வலது கை அவனைச் சிவப்பு மண்ணில் இறக்குகிறது. மூச்சு விட்டால் பறந்துவிடுவான்; ஆகவே மூச்சு நிற்கிறது. பசை பிடிக்கும்வரை மனசுக்குள் பன்னிரண்டு எண்ணிவிட்டுத்தான் லாசரஸ் வாயைத் திறக்கிறார்.

"ஆச்சு. குடியேறிட்டாரு லா."

சிங்கப்பூரில் தேக்காச் சந்தையை ஒட்டிய தெருவில், புடவைக் கடையின் மாடியில் அவருடைய பட்டறை. எழும்பப்போகும் கட்டடங்களை முன்கூட்டியே மேசைமேல் கட்டித் தருவது தொழில். முப்பது வருடத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர். வேலைத் தள அலுவலகத்தில் ஒரு மாதிரிக் கட்டடம் விழுந்து உடைந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அதை ஒட்டிக் கொடுத்தார். அன்று பிடித்த இடுக்கியை இன்னும் கீழே வைக்கவில்லை.

எல்லாம் இருநூறில் ஒரு பங்கு. "அளவு தப்பினா ஆண்டவரே வந்தாலும் ஒட்டாது" என்பார். இந்தச் செவ்வாய் மண்ணுக்காக முதலில் மிளகாய்த்தூளைத் தூவிப் பார்த்தார். கீழே புடவைக் கடை முழுக்கத் தும்மியது. பிறகு செங்கல்லை இடித்து, மூன்று முறை சலித்தார்.

அவர் செய்கிற எந்த மாதிரியிலும் பச்சைப்பயறு அளவில் ஒரு சக்கர நாற்காலி இருக்கும். பழைய தொலைபேசிக் கம்பியை வளைத்த சக்கரம். மஞ்சள் சட்டைப் பெண். மகள் மிரண்டா, இருபத்தாறு வயது, பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. அடுக்குமாடி வீடுகள், ரயில் நிலையம், மருத்துவமனை என்று அப்பா கட்டிய இடங்களில் எல்லாம் அவள் குடியிருந்தாயிற்று. புது வேலை வந்தால் முதல் கேள்வி அவளுடையதுதான்: "இந்த வாட்டி எனக்கு எந்த ஃபுளோர்? போன வாட்டி குப்பைத் தொட்டிகிட்ட வச்சீங்க, மறக்கல."

இந்த வேலை கிடைத்தபோது அவள் துள்ளாத குறை. ஒரு கண்காட்சிக்காகச் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு நகரம். பூமியில் ஜனம் பெருத்துவிட்டது, இனி அங்கேதான் இடம் என்று விளம்பரம். "அங்க வெயிட் மூணுல ஒரு பங்குதானாம்ப்பா! ஒத்தக் கையால எம்பி கட்டில்ல ஏறிடுவேன். உங்களக் கூப்பிடவே வேணாம். பூமி நட்சத்திரமாத் தெரியுமாமே, அந்த ஜன்னல்கிட்ட வைங்க." அங்கேயே வைத்திருக்கிறார்.

மாதிரியை எடுத்துப்போக ஜெய் வந்திருக்கிறான். கண்காட்சி நிறுவனத்து இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை. முகப்பில் ஒட்டவேண்டிய தகவல் பலகையைக் கொடுக்கிறான். ஒட்டுவதற்கு முன் எதையும் படித்துவிடுவது லாசரஸின் வழக்கம். பூமியில் நாளொன்றுக்குக் கூடுகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம். ஒரு கப்பலில் போகிறவர்கள் நூறு. காதிலிருந்த பென்சிலை எடுத்து மரப்பலகையில் வகுக்கிறார். மறுபடி வகுக்கிறார்.

"தம்பி, தினம் ரெண்டாயிரம் கப்பல் வருதே! சாங்கி ஏர்போர்ட்டுல ஒரு நாளைக்குக் கிளம்புற பிளேன்கூட அவ்வளவு இல்லையே. அதுவும் கூடுற ஜனத்துக்கு மட்டும். இருக்கிற ஜனம் அப்படியே நிக்குது."

ஜெய் சிரிக்கிறான். "எல்லாரும் எப்படிப் போக முடியும் அங்கிள்? செலக்டட் பீப்பிள்தான்."

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்க இங்கதான். பூமி இருக்கே லா."

பென்சில் மறுபடி காதுக்குப் போகிறது. ஜெய் குனிந்து கூரைகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறான். ஜன்னலருகே வந்ததும் நிற்கிறான்.

"ஐயோ அங்கிள், இந்த வீல்சேர் வேணாம், எடுத்துடுங்க. மெடிக்கலி ஃபிட்டா இருக்கிறவங்கதான் லிஸ்ட்ல. கிளையன்ட் பார்த்தா கேப்பாரு." சட்டையில் தூசி இருக்கிறது என்று சொல்கிற அதே கனிவோடு சொல்கிறான்.

லாசரஸ் அவன் முகத்தையே பார்க்கிறார். சக்கர நாற்காலி ஏறுகிற சரிவுப் பாதைக்கு இடமில்லை என்று சொன்ன முதலாளிகளை அவருக்குத் தெரியும். மாதிரியில் தாமாகவே ஒன்றை வைத்து, அப்புறம் அதை நிஜக் கட்டடத்திலும் வரவைத்திருக்கிறார். ஆளுக்கே இடமில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு கிரகமே காலியாகக் கிடக்கிறது. அதில் பயறளவு இடம் இல்லை.

பன்னிரண்டு எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் ஒரு குச்சியை எடுக்கிறார்.

குச்சியில் ஒரு துளி, நகப்பூச்சு அழிக்கிற திரவம். பசை இளகுகிறது. நாற்காலி இடுக்கிக்கு வருகிறது. சக்கரங்கள் ஊன்றியிருந்த சிவப்பு மண்ணில் இரண்டு ஊசித் துளைகள். எதைப் பெயர்த்தாலும் தடம் தெரியாமல் அடைத்துத் தூவிவிடுகிற மனிதர், துளைகளை அப்படியே விட்டுக் கண்ணாடி மூடியை இறக்குகிறார். விரல் ரேகைகளைத் துடைக்கிறார்.

"கையக் காட்டுங்க தம்பி."

சாவியோ என்னவோ என்று ஜெய் நீட்டுகிறான். உள்ளங்கையில் மஞ்சள் சட்டை வந்து உட்காருகிறது.

"என் மக. மிரண்டா. மூடாதீங்க, நொறுங்கிடும்."

சொல்லிவிட்டு, மாதிரியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் லாசரஸ். மறுமுனையைத் தூக்க ஜெய்க்கு இரண்டு கையும் வேண்டும்.