கழுத்துப்பட்டை இல்லாத கதாநாயகன்

பேசும் படம் வந்த புதிது. மலாயாவில் குளுவாங் ஊர்க் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சித்திரப் படம் காட்டினார்கள். கோட்டால் வரைந்த பூனை ஒன்று குடை பிடித்து ஆடியது. திரும்பும் வழியெல்லாம் எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸருக்கு ஒரே பேச்சு: பூனைக்கே இந்த மரியாதை என்றால், உம்முடைய நாய்க்கு என்ன குறைச்சல்? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் அந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர். இருவரில் ஒருவருக்காவது படம் எடுக்கத் தெரியுமா என்ற அற்பக் கேள்வியை நாங்கள் எழுப்பவேயில்லை.

ஞாயிறு பகலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடினோம். ஐந்து நிமிடப் படத்துக்கு ஏழாயிரம் சித்திரமாவது வேண்டும் என்றார் அவர். கேமரா சிங்கப்பூரில் யாரிடமாவது இருக்கும் என்றேன் நான். அத்துடன் பெரிய சிக்கல்கள் எல்லாம் தீர்ந்தன. மிச்சம் கதைதான். எசமானைக் காப்பாற்றி நாய் சாக வேண்டும், சனம் அழ வேண்டும் என்பது அவர் கட்சி. என் நாய் சாகவே கூடாது என்பது என் கட்சி. இதிலேயே மூன்று ஞாயிறுகள் போயின. என் நாய்க்கும் வீரத்துக்கும் வெகுதூரம். விடியற்காலைப் பெரட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கும். ஆள் பேர் கூப்பிட்டு முடிந்ததும் அங்கேயே படுத்துவிடும். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த ஆசை உண்டு. அதற்குத்தான் வாய்த்தது.

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வெறிநாய் இருவரைக் கடித்தது. திங்கள் முதல் கழுத்துப்பட்டை இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடலாம் என்று எங்கள் துரை உத்தரவு போட்டார். அதைப் பெரட்டில் தமிழில் உரக்கப் படித்தவன் நான்தான். குரல் கணீரென்று இருந்ததாக, ஆட்களை வேலை வாங்கும் தண்டல்கூடப் பாராட்டினார். என் நாயின் கழுத்தில் நல்ல தோல் பட்டை இருந்தது, எனக்கென்ன கவலை?

நாலாவது ஞாயிறு வேலை தொடங்கியது. வரைவது டிரெஸ்ஸர், நாயைப் பிடித்து நிறுத்துவது நான். மூன்றாவது சித்திரத்திலேயே அவர் பென்சிலை வைத்துவிட்டார்.

"உந்தப் பட்டையைக் கழட்டிவிடும், கிராணியார். ஏழாயிரம் தரம் என்னாலை கீறேலாது."

என்ன மூளை என்று வியந்தேன். கழற்றி ஆணியில் மாட்டினேன். சாயங்காலத்துக்குள் முப்பத்திரண்டு சித்திரம் முடிந்தது: நாய் எழுகிறது, உடம்பை உதறுகிறது, வாலாட்டுகிறது, நாலடி நடக்கிறது. பாதிப் படம் எடுத்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு நடந்தேன். நாய் பின்னால் வந்தது. பட்டை ஆணியிலேயே இருந்தது.

மறுநாள் வழக்கம்போல அது பெரட்டுக்கு வந்து நின்றது. அரை இருட்டில் நான் அதன் கழுத்தைப் பார்க்கவில்லை. பேர் கூப்பிட்டு முடித்து ஆபீசில் உட்கார்ந்து, நாய் சாகாமலே சனத்தை எப்படி அழவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரட்டுக் களத்தில் ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. துரை ஏவிய துப்பாக்கிக்காரனைக் குறை சொல்ல முடியாது. நான் படித்த உத்தரவை அவன் ஒழுங்காகக் கேட்டிருந்தான்.

டிரெஸ்ஸர் வந்து, பட்டையையும் தாள்களையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை; வந்ததெல்லாம் என் மேல்தான். படம் அத்துடன் நின்றது.

அந்த வாரம் உட்கார்ந்து, வரையத் தெரியாத கையால், முப்பத்திரண்டு சித்திரத்திலும் கழுத்துப்பட்டை போட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை.