அங்கை ஆர் இருக்கினம்?

மங்களேஸ்வரிக்குக் கலியாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் அவளும் புருஷன் மகேசனும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், இரண்டு பேரும் விழித்திருந்த பொழுதுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதம் தேறுமா என்பது சந்தேகம். ஏதோ பெரிய சண்டை போலும் என்று நினைக்க வேண்டாம். சண்டை பிடிக்கவும் நேரம் வேண்டுமே!

மங்களேஸ்வரிக்கு ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. நகரின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிற வீட்டை விட்டு விடியமுன்னர் இறங்கிவிடுவாள். மகேசன் ரீ-பானா என்கிற நகரத்து ரெயில் ஓட்டுபவர். அவருக்கு எப்போதும் பின்னேர ஷிப்ட். மகள் ராகவி குழந்தையாக இருந்தபோது, பிள்ளையோடு யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ராகவி வளர்ந்து பேர்கனுக்குப் படிக்கவும் போய்விட்டாள். ஏற்பாடு மட்டும் அசையாமல் அப்படியே நின்றுவிட்டது. அவள் சமைத்து மூடிவைத்துவிட்டுப் படுப்பாள். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். குடும்பம் நடந்தது.

லீவு நாளில் சேர்ந்து இருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆட்களின் லீவு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வருடம் லண்டனில் தங்கச்சி வீடு, மறுவருடம் பாரிஸில் தமையன் வீடு, அதற்கடுத்த வருடம் கனடாவில் யாருடையதோ கலியாணவீடு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் அது அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி. ஆகவே பெண்களெல்லாம் அறைக்குள்ளே, ஆண்களெல்லாம் ஹோலில் மெத்தை போட்டு. மங்களேஸ்வரி தங்கச்சியின் மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் படுத்து, ஹோலிலிருந்து வருகிற குறட்டைகளில் எது தன் புருஷனுடையது என்று யோசித்துக்கொண்டே பல கோடைகளைக் கழித்திருக்கிறாள்.

ராகவி போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தது. எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். ராகவியைப் பற்றிக் கதைத்தார்கள். அது முடிந்ததும் கதையும் முடிந்துவிட்டது. மகேசன் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கு மங்களேஸ்வரிக்குப் பகீரென்றது. இனிச் சாகும்வரை இந்த மனுசனும் தானும்தான். தாங்கள் புருஷன் பெண்சாதிதானா, இல்லை ஒரே வீட்டை முறை வைத்துப் பார்க்கிற இரண்டு வேலையாட்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கிழவியாகிவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் துரிட்டின் அட்டை கண்ணில் பட்டது. துரிட் அவளோடு வேலை செய்யும் நோர்வேஜியப் பெண். லீவில் போகிற எல்லாரும் ஒரு படஅட்டை அனுப்ப, அதைச் சாப்பாட்டறைச் சுவரில் குத்தி வைப்பது அங்கே வழக்கம். துரிட்டின் அட்டையில் சிசிலித் தீவின் வடகரையில் துசா என்றொரு சின்ன ஊர். கரையில் இழுத்துவிட்ட மூன்று வள்ளங்கள், மேலே கட்டின கொடியில் யாரோ காயப்போட்ட சேட்டுகள்.

“அங்கே என்ன இருக்கிறது?” என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

“ஒன்றுமே இல்லை. அதற்காகத்தான் போனேன்,” என்றாள் துரிட்.

மகேசன் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மங்களேஸ்வரி துசாவுக்குப் போகிற விஷயத்தைச் சொன்னாள்.

“இத்தாலியோ?” அவர் நிமிர்ந்தார். “அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“மங்களம், ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஏனப்பா போவான்?”

“சும்மா போவம். நீங்களும் நானும்.”

மகேசன் யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பிறவி. ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் முகம் வெளிறித்தான் இருந்தது.

2006ஆம் வருட ஜூலையில் போய் இறங்கினார்கள். கால்பந்தில் இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற கொண்டாட்டத்தில் தொங்கவிட்ட கொடிகள் பால்கனிகளில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. துரிட் சொன்னது பொய்யில்லை. ஒரு கல்லுக் கடற்கரை, ஒரு கோப்பிக் கடை, நீண்ட தண்டவாளத்தோடு ஒரு சின்ன ஸ்டேஷன். கடல் மட்டும் கண் கூசுகிற நீலம். அறை ஒரு மீனவர் வீட்டின் மாடியில். மங்களேஸ்வரி பெட்டியைத் திறந்து, சோறு அவிக்கிற ரைஸ் குக்கரையும் மிளகாய்த்தூளையும் எடுத்து வெளியே வைத்தாள். எங்கள் ஆட்கள் சந்திரனுக்குப் போனாலும் அந்த இரண்டும் போகும்.

முதல் நாள் ராகவியைப் பற்றிக் கதைத்தார்கள். இரண்டாம் நாள் வெயிலைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மகேசன் “ஒருக்கா நடந்திட்டு வாறன்” என்று நழுவினார். மங்களேஸ்வரி தேடிப்போனால், மனுசன் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து போகிற வருகிற ரெயில்களைப் பார்த்துக்கொண்டும், சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை வாசித்துக்கொண்டும் இருக்கிறார். லீவில் வந்த ரெயில் டிரைவருக்கு ரெயில்தான் துணை! அவள் பேசாமல் திரும்பி வந்து கற்களின் மேல் உட்கார்ந்தாள். பதில் கிடைத்துவிட்டது போலிருந்தது. அழுகை வந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அழுதாள்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. உள்ளேயிருந்து சிவப்புச் சுரிதார் போட்ட ஒரு பெண் இறங்கினாள். கையில் பெரிய சாப்பாட்டுப் பாத்திரம்.

“அக்கா! நான் புஷ்பமலர். ஒஸ்லோ வெஸ்ட்லியிலை இருக்கிற பரமநாதன் அத்தானின்ரை மச்சாள். பலெர்மோவிலை இருக்கிறம். நாங்கள் இஞ்சை இருக்க நீங்கள் வாடகை அறையிலை கிடக்கிறதே? உடுப்பை எடுங்கோ!”

மங்களேஸ்வரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றார். பரமநாதன் அவரோடு வேலை செய்கிறவர். ஒஸ்லோவில் இருந்து புறப்படுமுன் அவரிடம் வாயைக் கொடுத்து, பலெர்மோவில் ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரித்து, தங்குமிடத்தின் விலாசத்தையும் சொல்லிவிட்டு வந்தவர் வேறு யார்?

“என்ரை மனுசன் வேலையாலை வந்திடுவார். அண்ணை அவரோடை ஹோலிலை படுக்கட்டும். அக்கா, நீங்கள் என்னோடையும் பிள்ளையளோடையும் அறைக்குள்ளை. இடமெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டன்,” என்றாள் புஷ்பமலர். பாவம், நல்ல மனம். ஒன்றரை மணித்தியாலம் வான் ஓட்டி வந்திருக்கிறாள். புட்டும் இறால் குழம்பும் சூடு ஆறாமல் இருந்தன.

இப்படி வந்து கூப்பிடுகிறவளிடம் மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊர்ப் பெண் யாருக்கு வாய் வரும்? மங்களேஸ்வரி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். சீலையை மடித்து வைத்தாள். ரைஸ் குக்கரின் வயரைச் சுற்றினாள். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மூடாமல் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் நின்ற மகேசன் அந்தக் கையைப் பார்த்தார்.

“இல்லைத் தங்கச்சி,” என்று அவர் சொன்னது மங்களேஸ்வரிக்கு மட்டுமில்லை, அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். “நாங்கள் இஞ்சை நிக்கேல்லை. நாளைக்கு அடுத்த ஊருக்குப் போறம். அறையெல்லாம் சொல்லியாச்சு.”

“எந்த ஊர் அண்ணை?”

“சாந்தோ ஸ்தெபானோ. அதுக்கடுத்தது கரோனியா. அதுக்கடுத்தது சாந்தாகத்தா. பிறகு காப்போ டோர்லாந்தோ.” ரெயிலில் அறிவிக்கிற மாதிரியே, தடங்கலில்லாமல், ஒழுங்கு பிசகாமல் வந்தது. ஸ்டேஷன் வாங்கு வீண்போகவில்லை.

புஷ்பமலர் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தாள். “அங்கையெல்லாம் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை,” என்றார் மகேசன்.

புட்டைச் சாப்பிட்டு, ஒரு நாள் கட்டாயம் வருவதாகச் சத்தியம் பண்ணிய பிறகுதான் புஷ்பமலர் விட்டாள். போகும்போது, “ஒவ்வொரு நாளும் போன் பண்ணுவன், எந்த ஊரிலை நிக்கிறியள் எண்டு சொல்லோணும்,” என்றாள். பொய் சொல்லியாயிற்று, இனி அதன்படி நடக்காமல் வழியில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு ரெயில் ஏறினார்கள்.

ஒரு ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் வர்ணம் பூசின மண்தட்டுகள் தொங்கின. கரோனியாவில் இருந்த ஒரே சாப்பாட்டுக் கடையும் பூட்டியிருந்தது. மகேசன் கையைக் காலை ஆட்டி வள்ளக்காரரிடம் மீன் வாங்கி வந்தார். குக்கரில் சோறு, அறைக்காரியின் அடுப்பில் குழம்பு. வாசத்துக்கு அந்த மனுசி மேலே வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டுக் கொடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, பிறகு தன் வீட்டு எலுமிச்சை மரத்துத் தேசிக்காயில் ஒரு பை கொண்டுவந்து வைத்தாள். அவள் போனதும் இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். எப்போது கடைசியாக அப்படிச் சிரித்தார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

சாந்தாகத்தாவில் கடலில் இறங்கினார்கள். அவள் சுரிதாரோடு, அவர் மடித்துக் கட்டின சாரத்தோடு. இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவள் கேட்டாள்.

“ஏன் பரமநாதனிட்டை சொன்னனீங்கள்?”

அவர் சாரத்தை இறுக்கிக் கட்டினார். “பயத்திலைதான். ஒரு கிழமை உம்மோடை தனிய இருந்தால் என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. நீர் என்னை வெறுத்திடுவீரெண்டு நினைச்சன்.”

மங்களேஸ்வரி தனக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டாளே.

“எனக்கும் அந்தப் பயந்தானப்பா,” என்றாள்.

அவர் பெண் பார்க்க வந்தவர் மாதிரிக் கூச்சத்தோடு, “உமக்கு அந்த இல்லத்திலை ஆரைக் கூடுதலாய்ப் பிடிக்கும்?” என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். கால் விறைத்துக் கரைக்கு ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு புஷ்பமலரின் போன் அடித்தது இருவர் காதிலும் விழவில்லை.

அடுத்த தை மாதம் வெஸ்ட்லியில் பரமநாதன் வீட்டில் ஒரு பிறந்தநாள் விழா. முதியோர் இல்லத்துச் சுவரில் மங்களேஸ்வரியின் அட்டையும் அப்போது தொங்கிக்கொண்டிருந்தது. மகேசன் வாரத்தில் பாதி நாளைக் காலை ஷிப்டுக்கு மாற்றியிருந்தார். ரோல்ஸைக் கடித்துக்கொண்டே பரமநாதன் கேட்டார்.

“இந்தமுறை லீவுக்கு எங்கை, லண்டனோ?”

“கிரேக்கத்திலை ஒரு சின்ன ஊர். கடற்கரை,” என்றார் மகேசன்.

“கிரேக்கமோ? அங்கை ஆர் இருக்கினம்?”

மங்களேஸ்வரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகேசன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“மங்களம் இருப்பா.”