அனிஸ்ரன் அத்தான் எறிந்த பந்து

அனிஸ்ரன் அத்தான் என் அக்கா ஜெயரூபினியைக் கட்டியது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, எல்லேப் பந்தாட்டப் போட்டிகள் தொடங்குவதற்குச் சற்று முன்பு. கடலோரத்து எங்கள் சனங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அதனால் பக்கத்து ஊரின் பெரிய ஆட்டக்காரர் எங்கள் ஊர்க்காரராகிவிட்டார். வீட்டாரைவிட எங்கள் கழகத்துக்குத்தான் அதில் சந்தோசம். கலியாணப் பந்தலிலேயே கழகத் தலைவர் ஸ்ரனிஸ்லஸ் அண்ணா கேட்டார்: "மச்சான், சீதனத்தோட ஒரு எல்லேத் தடியும் சேர்த்திருக்கிறம், பார்த்தனீரோ?"

அத்தான் அதிகம் கதைக்காதவர். காலையில் மீன்பிடித்துக் கடலால் வந்ததும் குசினி வாசலில் குந்தியிருந்து சாப்பிடுவார். பின்னேரம் மைதானம். மூங்கில் தடியால் அவர் அடித்தால் பந்து பனைகளுக்கு மேலால் போகும். அந்த வருடம் மல்லாவி, முள்ளியவளை அணிகள் எங்களிடம் தோற்றன. இறுதி ஆட்டம் அவர் பிறந்த ஊரோடு.

அதற்கு முதல்நாள் கிணற்றடியில் புனிதமலர் மாமி அக்காவைக் கேட்டார்: "உன்ர மனுசன் நாளைக்கு ஆருக்கு விளையாடுவார், பிள்ளை? தாய்க்கோ, தாரத்துக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "விட்டுக்குடுத்தாரெண்டால் பிறகு இந்த ஊரில ஆர் அவரோட முகம் குடுத்துக் கதைக்கிறது?" என்றது இன்னொரு குரல். அதில் சிரிப்பு இல்லை.

அக்கா தண்ணீர் அள்ளாமலே திரும்பி வந்து அதை அப்படியே அத்தானிடம் சொன்னார். அத்தான் "ஓம்" என்றார்.

மறுநாள், ஆட்டத்தின் முடிவில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் நின்றோம். அவர்களுடைய கடைசி ஆள் யூட், அத்தானின் தம்பி. நாலு கம்பங்களையும் சுற்றி அவன் ஓடி வந்தால் சமன். இடையில் அவன்மீது பந்து பட்டால் வெற்றிக் கிண்ணம் எங்களுக்கு.

யூட் அடித்த பந்து பனையில் பட்டுத் திரும்பி உருண்டது. அத்தான் ஓடிப்போய் எடுத்தார். கடைசிக் கம்பத்துக்கு ஓடிய யூட் அவருக்கு நேர் முன்னால் வந்துவிட்டான். நாலைந்து முழம்தான் இடைவெளி. மெல்லப் போட்டாலே போதும். யூட்டும் அப்படித்தான் நினைத்திருப்பான். சிரித்துக்கொண்டே அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

அத்தான் கையை முழுதாகப் பின்னால் இழுத்து எறிந்தார்.

பந்து கண்ணில் பட்ட சத்தம் எல்லைக் கயிற்றோரம் நின்ற எங்களுக்கே கேட்டது. யூட் மணலில் விழுந்தான். பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் வந்தது. நடுவர் விசில் ஊதினார். ஒருவரும் கைதட்டவில்லை. ஸ்ரனிஸ்லஸ் அண்ணா திறந்த வாய் திறந்தபடி நின்றார். அத்தான் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தாய் ஓடிவந்து யூட்டின் தலையை மடியில் எடுத்தார். "அவன் உன்ர தம்பியடா" என்று மட்டும் சொன்னார்.

"நான் பகிடிக்குத்தானே கேட்டனான்" என்றார் என் பக்கத்தில் நின்ற புனிதமலர் மாமி. அக்கா அவரைத் திரும்பியும் பார்க்காமல் கயிற்றைத் தாண்டி ஓடினார்.

அத்தான் தம்பியைச் சைக்கிளில் இருத்தி ஆசுப்பத்திரிக்கு உழக்கினார். கண் தப்பியது, பார்வை பாதிதான். அத்தானும் அக்காவும் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. தம்பியின் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு இருக்கிறார்கள். இரவில் யூட்டால் தனியே கடலுக்குப் போகமுடியாது. அத்தான்தான் கூடப் போகிறார். எல்லேத் தடியை அவர் பிறகு தொடவேயில்லை.

ஆட்டம் முடிந்த அடுத்த கிழமை ஸ்ரனிஸ்லஸ் அண்ணா கிண்ணத்தைத் துடைத்துக் கொண்டுவந்தார், எங்கள் வீட்டு அலுமாரியில் வைக்கச் சொல்லி. அம்மா வாசல் படலையைத் திறக்கவில்லை.

"கொண்டு போ, தம்பி. மருமோன் இல்லாத வீட்டுக்கு அது ஏன்?"