ஓடாத மோட்டார்

சேத்தூரில் இருக்கும் என் தென்னந்தோப்பு இப்போது என்னைக் கேட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன், அங்கே உட்கார்ந்தபடி செல்போனைத் தட்டினால் இங்கே மோட்டார் எடுக்கிறது. சொட்டுநீர்க் குழாய் வழியே ஒவ்வொரு மரத்தடியிலும் தண்ணீர் இறங்குகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து உரம் கரைத்துவிட்டுப் போகிறார். நான் ராஜபாளையத்து வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

விளைச்சலைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். என் அப்பா காலத்தில் புது நெல் விதையும் யூரியாவும் வந்தபோது ஊரே குறை சொல்லிக்கொண்டு பயந்து பயந்துதான் போட்டதாம். களத்தில் நெல்லை அடித்துக் குவித்த பிறகுதான் வாயை மூடியதாம். என் காலத்துக்குச் சொட்டுநீர். வாய்க்கால் வெட்டி, மடை திருப்பி, பாதித் தண்ணீரை வழியிலேயே தொலைத்த நாட்களில் நோஞ்சானாக நின்ற அதே மரங்கள், இன்று தாங்க முடியாமல் காய்க்கின்றன. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. என்னை மேடையேற்றிச் சால்வை போட்டு, உற்பத்தியைப் பெருக்கியது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசினேன்; கை தட்டினார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் சால்வையை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. மடித்து பீரோவில் வைத்தேன். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது அபூர்வம்.

மோட்டாரைக் கையால் போட்ட காலத்தில் இப்படி இல்லை. மோட்டார் ஓடத் தேவையான மூணு பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலேயே சேத்தூர் பஸ்ஸைப் பிடித்துப் போய் மோட்டார் ரூமில் காத்துக் கிடப்பேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் மகன் தவறாமல் கூப்பிடுவான்.

"கரண்ட் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு, வந்துச்சு. செத்த நேரம் இருந்துட்டு ஓடிப்போச்சு."

"எம்புட்டுப் பாஞ்சுது?"

"மேக்க ரெண்டு வரிசை பாக்கி கெடக்குலே."

அந்த இரண்டு வரிசையில் தொடங்கி என் முழங்கால், அவன் மேனேஜர், ஓசூரில் வாங்கும் மீனில் ருசியே இல்லாதது என்று பேச்சு எங்கெங்கோ போகும். நாங்கள் இருவருமே பாசமாகப் பேசத் தெரியாதவர்கள். கரண்டைச் சாக்கிட்டுத்தான் மற்றதெல்லாம் வரும்.

பொங்கலுக்கு வந்தவன், "இந்த வயசுல வெயில்ல அலையாதீங்கப்பா" என்று சொல்லி, செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டிவிட்டுப் போனான். கரண்ட் வந்தது, போனது, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது எல்லாம் அவன் போனிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்னிடம் கேட்க அவனுக்கு என்ன இருக்கிறது? தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது. அதுவும் "நல்லா இருக்கீங்களாப்பா?", "இருக்கேன்" என்பதோடு முடிந்தது. நல்ல பிள்ளைதான். என் கால் நோகக் கூடாது என்றுதான் செய்தான். கோபப்பட அவன் ஒரு காரணம்கூட விட்டுவைக்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

போன வாரம் பொறுக்க முடியாமல் தோப்புக்குப் போனேன். மோட்டார் ரூமைத் திறந்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளில் ஒன்றைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பேஸ் இல்லாவிட்டால் மோட்டார் எடுக்காது. மகன் போனில் பார்ப்பான், பதறுவான், என்னைக் கூப்பிடுவான். நானும் ஒன்றும் தெரியாதவன்போல, "இருலே, என்னன்னு பாக்கேன்" என்று பேச்சை இழுக்கலாம். ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தென்னைக்குக் குடி முழுகிவிடாது. போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

கொண்டுபோன சோற்றை மத்தியானம் தின்றேன். போன் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்; நன்றாகவே இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. சேத்தூர் எலெக்ட்ரீசியன் டூல்ஸ் பையோடு இறங்கினார்.

"அண்ணாச்சி, நீங்க இங்கனதான் இருக்கீயளா? ஒரு பேஸ் வரலைன்னு ஓசூர்லருந்து தம்பி போன் போட்டுச்சு. அப்பாவ அலைய வைக்க வேண்டாம், நீங்களே போய்ப் பாத்துருங்கன்னு சொல்லிச்சு."

உள்ளே போய் ஃபியூஸ் பலகையைப் பார்த்தார். திரும்பிப் புடைத்திருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார். கட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மாட்டிவிட்டு மகனுக்குப் போன் போட்டார்.

"சரியாயிருச்சு தம்பி. கட்டை லூசா இருந்துச்சு, அம்புட்டுத்தான்."

மகன் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தான். கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக எடுத்தது.

எலெக்ட்ரீசியன் பையைப் பைக்கில் மாட்டிக்கொண்டே, "தம்பிகிட்ட பேசணும்னு தோணுனா நீங்களே ஒரு போன் போட வேண்டியதுதான அண்ணாச்சி?" என்றார்.

"எடுத்த உடனே, 'என்னப்பா, எதுவும் பிரச்சினையா?'ன்னு கேப்பான்," என்றேன். "ஒரு பிரச்சினையும் இல்லையேய்யா."