மூன்றாம் ராணியின் அங்கி

அந்தச் சீனத்து நடிகை கலீலுர் ரஹ்மானுக்குத் தர வேண்டிய கடன் ஆயிரத்து நானூறு திர்ஹம். பழைய பட்டு அங்கி ஒன்றைப் பிரித்து, இடுப்பை அகலமாக்கி, உதிர்ந்த ஜரிகையை மறுபடி தைத்து, புது உள்துணி வைத்ததற்கான கூலி.

துபாய் அல் கூஸில் கலீலுர் ரஹ்மான் தையல் கடையைத் தெரியாத ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கீழக்கரையிலிருந்து காஜா எடுக்கிற கூலியாக வந்தவர் இன்று பதினோரு மெஷினுக்கு முதலாளி. யாரிடமும் பத்துக் காசுக்குக் கைநீட்டி நின்றதில்லை. பெரிய பெரிய இன்ஜினியர்களே "பாய், கொஞ்சம் சீக்கிரம்" என்று அவரிடம் கெஞ்சுவார்கள். அவருக்கு ஒரே சட்டம்: காசு வராத துணி கடை முகப்புக் கம்பியில் தொங்கும். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். உடையவருக்கு ரோஷம் வந்து கொடுத்துவிடுவார். முப்பது வருஷமாகத் தப்பாத சட்டம்.

ஃபாங் லான் என்ற அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பத்தொன்று. இருபத்திரண்டில் ஓர் அரண்மனைத் தொடரில் மூன்றாம் ராணியாக அறுபது பாகம் அழுதவள். அங்கி அப்போது கிடைத்த வெகுமதி. பிறகு இரண்டு சினிமா. முப்பத்தைந்தைத் தாண்டியதும் அம்மா வேஷம். அப்புறம் அதுவும் இல்லை. துபாய்க்கு வந்து கடை திறப்பு விழாக்களில் ரிப்பன் பிடித்தாள். ஃப்ளாட் விற்கிறவர்களோடு வீடியோவில் சிரித்தாள். இப்போதுதான், செல்போனில் பார்க்கிற இரண்டு நிமிஷச் சீன நாடகங்களை அல் கூஸ் கோடவுன் ஒன்றில் எடுக்கும் கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. ராஜமாதா வேஷம், ஐம்பது பாகம். சொந்த உடுப்போடு வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

"பாய், ஏக் தின்," என்று ஒற்றை விரலைக் காட்டிக் கேட்டாள். ஒரே ஒரு நாள், நாளைக்கு ஷூட்டிங், கூலி வந்ததும் கடன்.

"காசு மாஃபி, துணி மாஃபி," என்றார் அவர். காசு இல்லையென்றால் துணியும் இல்லை.

அவள் படியிறங்கியதும் கட்டர் சுரேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "பாய், அந்தம்மா நடிச்சாத்தான நமக்குக் காசு? கம்பில தொங்குற அங்கியா போயி நடிக்கப்போவுது?"

"உன் வக்கீல் வேலைய கத்தரிக்கோலோட வச்சுக்க. கலீலு ஒரே பேச்சுக்காரன்."

மறுநாள் காலை கம்பெனி ஆள் ஒருவன் கம்பியில் தொங்கிய அங்கியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். ஒரு நாள் வாடகைக்கு வேண்டுமாம், முந்நூறு திர்ஹம். கலீலுர் ரஹ்மானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எப்படியும் உடுத்தப்போகிறவள் அவள்தானே. வாடகையும் ஆச்சு, கடனும் வந்துவிடும்.

"பாத்தியாடா, இதுக்குப் பேருதான் யாவாரம்."

சாயங்காலம் அங்கியை வாங்கிவர ஷூட்டிங் கோடவுனுக்கு அவரே போனார். சிம்மாசனத்தில் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி நரைப் பொடி பூசிய தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் அகலமாக்கிய இடுப்பை முதுகுப் பக்கம் ஊக்குக் குத்திச் சுருக்கியிருந்தார்கள்.

எதிரே சவப்பெட்டியில், வெள்ளைத் துணிக்குள், ஃபாங் லான் கண்மூடிக் கிடந்தாள்.

"வெறுங்கையோட வந்துச்சு பாய்," என்றான் லைட்மேன் உமாபதி. "பொணத்துக்குத்தான் உடுப்பு வேணாமே, படுக்கப் போட்டுட்டாங்க."

காட்சி முடிந்து அவள் எழுந்ததும் மானேஜர் அன்றைய கூலியோடு ஒரு சிவப்பு உறையையும் கொடுத்தான்.

"அது என்னா உறை?"

"பொணமா நடிச்சா தோஷமாம் பாய். அது கழியறதுக்குத் தர்ற காசு. வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாதாம். போற வழியில யார் கையிலயாவது தள்ளிவிட்டுறணும்."

அதற்குள் அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நேரே வந்தாள். அங்கியை நாளைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதாக அவர் ஹிந்தியில் சொல்லத் தொடங்கினார். கம்பியிலேயே தொங்கட்டும் பாய், அங்கே நன்றாக இருக்கிறது என்றாள் அவளும் ஹிந்தியில். பிறகு, "ஹாத்," என்றாள்.

உமாபதி பார்த்துக்கொண்டிருந்தான். கலீலுர் ரஹ்மான் கையை நீட்டினார்.

கூலியையும் பர்ஸில் இருந்ததையும் சேர்த்து, நூறு நூறாக, வாய்விட்டு எண்ணி வைத்தாள். பதின்மூன்றில் பர்ஸ் காலியானது. சிவப்பு உறையைக் கிழித்து, அதிலிருந்த ஒரே நோட்டை எடுத்து, விரிந்திருந்த அவர் உள்ளங்கையில் மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"சௌதா," என்றாள். பதினாலு.