கழுத்தைத் திருப்பக் கற்றுக்கொள்ள நாகலூருக்கு

பல் மருத்துவர்களுக்குத் தோள்வலி புதிதல்ல. ஆனால் போன டிசம்பரில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தபோது என் வலது கை விரல்கள் மரத்துப்போய், கருவி நழுவி அவர் மடியில் விழுந்தது. காயம் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று ஈரோட்டில் கிளினிக்கைப் பூட்டும்போது, இந்தத் தொழிலை இன்னும் எத்தனை வருஷம் செய்ய முடியும் என்று முதல்முறையாகப் பயந்தேன். எலும்பு மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “நரம்புல பெருசா ஒண்ணுமில்ல, நீங்க உட்காரும் விதத்தை மாத்துங்க” என்றார். எப்படி மாற்றுவது என்று சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஜனவரிக் கடைசியில், நாகலூரில் நடக்கும் மூன்று நாள் உடலசைவு வகுப்புக்காக மலையேறினேன்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணி பஸ். ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர்தான், கொண்டை ஊசி வளைவுகளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து நாகலூருக்கு ஷேர் ஜீப், முப்பது ரூபாய். காபிப் பழம் பறிக்கும் காலம் என்பதால் வழியெல்லாம் புளித்த பழவாசனை. (தலைசுற்றல் உள்ளவர்கள் பஸ்ஸில் முன்சீட்டைப் பிடியுங்கள்.)

ஒரு எஸ்டேட்டின் பழைய குடோனைச் சுத்தம் செய்து வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். ஆசிரியை மல்லிகா, முன்பு சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். நாங்கள் ஏழு பேர். யோகாசனம் போல வளைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, உடம்பில் எந்தெந்த இடம் தரையைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னார். என் இடது தோள் பாயில் கிடந்தது. வலது தோளுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கை நுழையும் போல இருந்தது!

“நிமிந்து உக்காருங்கன்னு நான் சொல்லவே மாட்டேனுங்க. பாதி தூரம் அசைஞ்சாப் போதும். வலி வர்றதுக்கு முன்னாலயே நின்னுக்கங்க” என்றார் மல்லிகா.

பக்கத்துப் பாயில் பழனிச்சாமி அண்ணன். அதே மலையிலுள்ள செம்மநத்தத்துக்காரர், சொந்த ஜீப் ஓட்டுபவர். ஒரு வருஷமாகக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சின்னப் பிள்ளை நின்றதைக் கவனிக்காமல் இருந்துவிட்டாராம். யாரோ கத்தியதால் பிள்ளை தப்பியது.

“அன்னிக்கிருந்து ஸ்டியரிங்கத் தொட்டாலே அந்தப் பிள்ளதான் ஞாபகத்துக்கு வருதுங்க. ஊட்டுலயும் வண்டிய வித்துருங்கன்னு சொல்லிட்டாங்க. வாங்கறதுக்கு ஆளும் பேசியாச்சு” என்றார்.

இரண்டாம் நாள் பாடம் விசித்திரமானது. தலையை மெதுவாக இடப்பக்கம் உருட்ட வேண்டும், கண்களை மட்டும் வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்கள் தலையோடு ஒட்டிக்கொண்டே போயின. கொஞ்ச நேரம் கழித்துப் பிரிந்தன. அதன் பிறகு எழுந்து உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், காலையில் தெரியாத பின்சுவரின் ஜன்னல் எனக்குத் தெரிந்தது. பழனிச்சாமி அண்ணன் திரும்பத் திரும்ப இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மல்லிகா என் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, வேலை செய்வது போலவே உட்காரச் சொன்னார். நோயாளியாகப் படுத்து வாயைத் திறந்தார் அண்ணன். நான் குனிந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு, “ஏனுங்க டாக்டரம்மா, நீங்க மூச்சே உடறதில்லீங்களா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் உண்மை அதுதான். குனிந்த நொடியில் மூச்சைப் பிடித்து, தாடையைக் கடித்து, தோளைக் காதுவரை தூக்கியிருந்தேன். தோளைத் தனியாக இறக்கப் பார்த்தால் இறங்காது; மூச்சை வெளியே விட்டதும் அதுவாகவே இறங்கியது.

மூன்றாம் நாள் மாலை அண்ணன் தன் ஜீப்பில் என்னை ஏற்காட்டில் விடுவதாகச் சொன்னார். பாதி வழியில் ஒரு எஸ்டேட் டிராக்டர் எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை, நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். இடப்பக்கம் பள்ளம்.

“நான் இறங்கிப் பாத்துச் சொல்லட்டுங்களாண்ணா?”

“இருங்க டாக்டரம்மா.” அவர் இடுப்பிலிருந்து திரும்பினார், பிறகு மார்பு, கடைசியாகக் கழுத்து. பின்சக்கரத்தையும் பள்ளத்தின் விளிம்பையும் பார்த்தபடியே நிதானமாகப் பின்னால் எடுத்தார். டிராக்டர் கடந்து போனபின் எஞ்சினை அணைத்தார். “முழுசாத் திரும்பலீங்க. ஆனா பாக்க வேண்டியது தெரியுது” என்றார். ஏற்காடு கடைவீதியில் போனில் யாரிடமோ, “வண்டிய இப்போதைக்குக் குடுக்கலீங்க, சங்கடப்படாதீங்க” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மூன்று நாள் வகுப்புக்குச் சாப்பாட்டோடு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அறை வாடகை தனி. ஏற்காட்டில் தங்கினால் நாகலூர் பஸ் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். தளர்வான உடையும் தடித்த போர்வையும் அவசியம், காலையில் தரை ஐஸ் மாதிரி இருக்கும். கை மரத்துப்போகிறவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் மலையேறுங்கள். மூன்று நாளில் கூன் நிமிரும் என்று நம்பிப் போகாதீர்கள். உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வரும், அவ்வளவுதான்.

என் விரல்கள் இப்போதும் சில நாள் மரக்கின்றன. போன வாரம் பிடிவாதமான ஒரு பல்லைப் பிடுங்கும்போது அது தொடங்கியது. கருவியைத் தட்டில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். நோயாளி கண்ணைத் திறந்து, “ஆச்சுங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லீங்க. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன், நீங்களும் விட்டுக்கங்க” என்றேன்.