ஒசாக்காவுக்குப் போன பச்சைச் சுவெற்றர்

எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் என்னை ஆறு வாரப் பயிற்சிக்காக ஜப்பானின் ஒசாக்கா நகருக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அப்போது நான் தீவுப்பகுதிக் கூட்டுறவுச் சங்கங்களின் பரிசோதகன். சங்கக் கடை அரிசியில் எலி தின்றது எவ்வளவு, முகாமையாளர் தின்றது எவ்வளவு என்று பிரித்தறிவதுதான் தொழில். இதற்கு ஜப்பானில் என்ன கற்றுத் தருவார்கள் என்று நான் கேட்கவில்லை. அனுப்புகிறோம் என்று அரசாங்கம் சொல்லும்போது காரணம் கேட்பவன் அனுப்பப்படுவதில்லை.

விடுமுறை அனுமதி, கடவுச்சீட்டு, மேலதிகாரியின் சிபாரிசு எல்லாவற்றையும் மும்மூன்று பிரதிகளாக அனுப்பினேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறருடைய படிவங்களை இருபது வருடமாகத் திருப்பி அனுப்பியவன் நான். வைத்தியர் மட்டும் சான்றிதழின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: குளிரில் நெஞ்சைப் பாதுகாக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் மூன்று நாள் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை. பயிற்சிக் கடிதத்தின் எட்டாம் பந்தியோ, நோயில் விழுபவர் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுவார் என்றது. ஒன்பதாம் பந்தி, பயிலுநர்கள் போதிய கம்பளி உடை கொண்டுவர வேண்டும் என்றது.

புளியங்கூடலில் கம்பளி உடைக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் தலையில் துவாயைச் சுற்றுவது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டேன். ஒரு கடைக்காரர் கைக்குழந்தைக்குப் போடும் கம்பளித் தொப்பியை எடுத்து வைத்தார். என் தலையைப் பார்த்துவிட்டு அவரே திரும்ப உள்ளே வைத்தார்.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒழுங்கை முடிவில் இருக்கும் அண்ணை வந்தார். மலைநாட்டில் பதினெட்டு வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அவரும் மனைவியும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, இப்போது தகப்பன் காணியில் வெங்காயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் கையில் ஒரு துணிப்பை.

“நீர் ஜப்பானுக்குப் போறீராம்.”

“ஓம் அண்ணை.”

“தொய்வோட.”

“அதையும் சொல்லிப்போட்டினமே?”

“உம்மட பாஸ்போட் நம்பர் மட்டும்தான் ஊருக்கு இன்னும் தெரியாது. இந்தாரும்.”

பைக்குள் ஒரு சுவெற்றர் இருந்தது. கடும் பச்சை, முழுக்கை, விரல் தடிப்பு. பூச்சி உருண்டையின் மணம் மூக்கில் ஏறியது. கடைக்குப் பின்வீட்டில் இருந்த சிங்கள ரீச்சர் பின்னிக் கொடுத்தது என்றார். கலவரம் நடந்த இரண்டு நாளும் அவர்களைத் தன் வீட்டு அறையில் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். மூன்றாம் நாள் விடியக் குளிருக்குள் அகதி முகாமுக்குப் புறப்பட்டபோது அண்ணை உடுத்திருந்தது சாரமும் இந்தச் சுவெற்றரும்.

“பதினெட்டு வருசத்தில எனக்கு மிஞ்சினது உதுதான். போட்டுக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து தாரும்.”

நன்றி சொல்லும் கடிதங்களுக்கு என்னிடம் மூன்று மாதிரிகள் இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இரவல் வாங்கிய உடையைத் துவைத்த பிறகே உடுப்பது என்பது என் விதி. தொய்வுக்காரனுக்குத் தூசி ஆகாது, பூச்சி உருண்டை அதைவிட ஆகாது. எங்கள் வீட்டில் நோயாளியின் துணி என்றால் சோடாவும் சவர்க்காரமும் போட்டு அவிப்பதே முறை. ஆகவே அவிக்கச் சொன்னேன்.

“கம்பளியை அவிக்கிறதெண்டு நான் கேள்விப்படேல்லை,” என்றார் என் மனைவி.

“கம்பளியை நீர் கண்டிருக்கிறீரோ?”

“நீங்கள் கண்டிருக்கிறியளோ?”

துணி அவிக்கும் கிடாரத்தை நானே அடுப்பில் ஏற்றினேன். முக்கால் மணி நேரம் அவித்து, அகப்பைக் காம்பால் குத்தி, கல்லில் இரண்டு அறை அறைந்து, ஓலை வேலியில் நல்ல வெயிலில் விரித்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தபோது வேலியில் பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் சட்டை தொங்கியது. தொட்டால் சாக்குப்போலத் தடித்திருந்தது. பின்னலின் கண்கள் எல்லாம் மூடிவிட்டன. இழுத்துப் பார்த்தேன். என் பிடிவாதத்தைக் காட்டிலும் அதன் பிடிவாதம் பெரிது.

மனைவி அதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிடாரத்தைக் கழுவப் போனார். திட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அன்று மேசையில் இருந்து ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். ‘எதிர்பாராத காரணங்களால் மேற்படி பொருள் சுருக்கத்துக்கு உள்ளாகியது’ என்று தொடங்கிற்று. வாசித்துப் பார்த்தபோது எனக்கு முகாமையாளர்கள் எழுதும் எலிக் கடிதங்களின் சாயல் அதில் அப்படியே இருந்தது. கிழித்தேன். அந்த ஒரு பொருள் தவிர மலைநாட்டிலிருந்து எதுவும் கொண்டுவராத மனிதரின் முகத்தைப் பார்த்தே சொல்வதென்று, அடுத்தநாள் பின்னேரம் சுவெற்றரோடு போனேன்.

அண்ணை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். நான் நீட்டியதைப் பார்த்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கித் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

“நான்தான் அவிச்சனான் அண்ணை. மனிசி சொன்னவ, நான் கேக்கேல்லை.”

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணித்தியாலம்.”

“இறைச்சியெண்டாலும் அரை மணித்தியாலத்தில அவிஞ்சிடுமே.”

வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்கு வழிந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. நான் மண்வெட்டியை எடுத்துத் திருப்பினேன். அதையும் பிழையாகத்தான் செய்தேன். என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

“உள்ளுக்குப் போய்க் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வாரும்.”

“என்னத்துக்கு?”

“உமக்கு நெஞ்சுதானே காக்க வேணும்? கைக்குத் தொய்வு வாறதில்லையே?”

கம்பளி இப்படி இறுகினால் காற்றே புகாது என்றார். தேயிலைத் தோட்டத்தில் கிழவர்கள் பழைய கம்பளியை வேண்டுமென்றே சுடுதண்ணீரில் போட்டு இறுக்கி முதுகில் கட்டுவார்களாம். கைகளை வெட்டி, இரண்டு பக்கத்தையும் பிளந்து, நாடா வைத்துக் கட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பலகை மாதிரி நிற்கும். அதற்கு மேலே சட்டையைப் போட்டால் வெளியே தெரியாது.

“அண்ணை, இது உங்களுக்கு மிஞ்சின ஒரே சாமான்.”

“அந்த மனிசி உதைக் குளிருக்கெண்டு பின்னினது. ஐஞ்சு வருசமா அலுமாரிக்குள்ள பூச்சி உருண்டையோட கிடந்துது. அதுவும் ஒரு அகதி முகாம்தான். பிடியும், வெட்டுவம்.”

நான் பிடித்தேன். அவர் வெட்டினார். பிளந்த ஓரம் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வீட்டில் என் மனைவி தையல் மெசினில் வேட்டிக் கரைத் துணியில் நான்கு நாடா தைத்துக் கொடுத்தார். கட்டிப் பார்த்ததும் ஒரு நிமிடத்தில் வியர்த்து ஊற்றியது. அவ்வளவு திருப்தியாக நான் வியர்த்ததில்லை.

அதன்பின் பெட்டி அடுக்குவது சுலபம் என்று நினைத்தேன். வெளிநாடு போகிறவர் வீட்டுக்கு எங்கள் ஊரில் பொதி வந்தே தீரும். அது எந்த வெளிநாடு என்பது சின்ன விசயம். வறுத்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், மோர்மிளகாய் எல்லாம் வந்தன. முன்வீட்டு அக்கா ஜேர்மனியில் இருக்கும் மகனுக்குப் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா கொண்டுவந்தார்.

“அக்கா, நான் போறது ஜப்பான். ஜேர்மனி மற்றப்பக்கம்.”

“அங்கயிருந்து தபாலில போட ஏலாதோ? இஞ்சத்தைய தபாலிலும் பாக்க ஜப்பான்காரன் ஒழுங்காக் கொண்டுபோவான் தானே.”

அந்த வாதத்துக்குக் கூட்டுறவுச் சட்டத்தில் பதில் இல்லை. மாவை வாங்கிக்கொண்டேன். பெட்டி இருபது கிலோவைத் தாண்டக்கூடாது. சங்கக் கடைத் தராசில் நிறுத்தபோது இருபதரை காட்டியது. அந்தத் தராசு அரைக் கிலோ கூட்டிக் காட்டுவது என்று அறிக்கை எழுதியவன் நானே. திருத்த வேண்டியவர்கள் அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர்களுடைய சோம்பலுக்கு அன்றைக்குத்தான் முதன்முறை நன்றி சொன்னேன்.

பண்ணைப் பாலத்துக் காவலரணில் இந்திய அமைதிப்படைச் சிப்பாய் ஒருவர் பெட்டியைத் திறந்தார். மாவை முகர்ந்தார், மிளகாய்த்தூளை முகர்ந்து தும்மினார். பச்சைக் கம்பளியை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். மலைப்பக்கத்து ஆள் போலிருக்கிறது. கையைக் கொதிக்கும் பானைபோலக் காட்டி, என்னைச் சுட்டி, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஓம் என்று தலையாட்டினேன். அவரே அதை மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பெட்டியைப் பூட்டித் தந்தார். அந்தப் பாலத்தில் என் பெட்டிச் சாமானை யாரும் மடித்துத் தந்தது அந்த ஒருமுறைதான்.

ஒசாக்காவில் முதல் மூன்று வாரம் இதம். அதன்பின் மரங்கள் சிவந்தன, காலைக் காற்று பல்லைக் கூசவைத்தது. ஒவ்வொரு நாளும் விடிய நான்கு நாடாவையும் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். அருகில் இருந்த பயிலுநர்கள் இருவர் மூக்கொழுகத் தடிமன் பிடித்துப் படுத்தார்கள். எனக்கு ஒருநாளும் இழுக்கவில்லை. ஒடியல் மாவும் தபாலில் ஜேர்மனி போய்ச் சேர்ந்தது.

கிடைத்த படியில் மிச்சம் பிடித்து அண்ணைக்கு ஒரு புதுச் சுவெற்றர் வாங்கினேன். ஊருக்கு வந்த மறுநாள் இரண்டையும் கொண்டுபோனேன். அவர் புதியதைத் தடவிப் பார்த்து, நல்ல சாமான் என்று சொல்லி என்னிடமே திருப்பித் தந்தார். வெட்டிய பழையதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“குளிர்ந்ததோ?”

“இல்லை அண்ணை.”

“தொய்வு?”

“ஒருநாளும் வரேல்லை.”

“அப்ப ஒரு உதவி செய்யும். ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுத வேணும். சிங்களம் எனக்குக் கதைக்க வரும், எழுத வராது. ஐஞ்சு வருசமா எழுதேல்லை. கடை போச்சுது, வெங்காயம் வைக்கிறன் எண்டு எழுதி அவவையும் ஏன் அழவைப்பான். இப்ப எழுத ஒரு சங்கதி இருக்கு.”

உத்தியோகத்தில் நிரந்தரமாக்கப்படுவதற்காகச் சிங்களம் படித்துச் சித்தியடைந்தவன் நான். அந்த மொழியில் ஒரு மனிதருக்கு நான் எழுதிய முதற் கடிதம் அது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நீங்கள் பின்னிய சுவெற்றர் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் வந்தது, விமானம் ஏறி ஜப்பான் போனது, அங்கே ஒருவரின் மூச்சைக் காத்தது, இப்போது என்னிடம் சுகமாக இருக்கிறது.

“சுகமா இருக்கோ?” என்று பேனாவை நிறுத்தினேன். “அவிச்சதை எழுத வேண்டாமோ?”

“வேண்டாம்.”

“நடந்ததை விட்டா முழுமையில்லை அண்ணை.”

“அவ கண் வலிக்க வலிக்க விளக்கடியில இருந்து பின்னினவ. உம்மட முழுமை அவவுக்கு என்னத்துக்கு?”

நான் அந்த வரியை அப்படியே விட்டேன். அவர் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார். முகவரியை அவர் வாயால் சொல்ல நான் உறையில் எழுதினேன்; ஐந்து வருடமாக எழுதாத முகவரியில் ஓர் இலக்கமும் அவருக்குத் தடுமாறவில்லை. பதிவுத்தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை அவர் மடித்துப் பச்சைக் கம்பளிக்குள் வைத்தார்.